இரண்டு தவலைத் தண்ணீர்

செங்கல்பட்டிலிருந்து புறப்பட்ட பேருந்து, திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் படும் தூரத்தில் புகைவிட்டு நின்றது. ஓட்டுநர் வாளியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கித் தண்ணீர் தேடிப் போனார். பயணிகள் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. புளியமரத்து நிழலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்கள். எங்கள் டர்பனில் பேருந்து இப்படி நின்றால் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லியே ஓட்டுநரைப் பைத்தியமாக்கிவிடுவார்கள்.

"இன்னா ஆச்சு? வண்டி கெளம்புமா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன்.

அவர் என் கோட்டைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "வேசம் தொரை வேசமா கீது, பேச்சு எங்க தாத்தா பேச்சா கீது. சாருக்கு எந்த ஊரு?"

"டர்பன்."

"அது எங்க கீது, ஆம்பூர் தாண்டியா?"

ஆப்பிரிக்கா என்றேன். தென்கோடியில், நெட்டால் சீமையில், கடலோரத்தில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர். அங்கே இந்தச் சீமையிலிருந்து கூலிக்குப் போனவர்கள் கையோடு கொண்டுபோன பேச்சு அப்படியே இருக்கிறது. நான் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். தமிழ் எழுதக் கற்றதும் அங்கே ஒரு தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடத்தில். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பவே போனவங்க பொழைச்சாங்க" என்றார்.

பிழைத்ததைப் பற்றி அவரிடம் நான் விவரிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் நகரத்தில் பெரிய கலவரம் நடந்தது. ஆப்பிரிக்கர்கள் இந்தியர்களின் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள். தூண்டியவர்கள் வேறு, பார்த்துக்கொண்டு நின்ற போலீஸ் வேறு; ஆனால் தீ வைத்த கைகள் எங்கள் பக்கத்து வீட்டுக் கைகள். அப்பாவின் காய்கறிக் கடை அன்று சாம்பலானது. போதாததற்கு, இந்தியர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று அரசாங்கம் இப்போது கோடு போட்டுக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்குப் பயம் விடவே இல்லை. "நீ போய்ப் பார்த்துவிட்டு வா, கோவிந்தா. என் தம்பி அங்கேதான் இருக்கிறான். நம் ஊர், நம் சனம். நம்மை அங்கே யாரும் கொளுத்த மாட்டார்கள்" என்று சொல்லி என்னைக் கப்பல் ஏற்றினார். குடும்பமே இந்தியாவுக்குத் திரும்புவதா வேண்டாமா என்பது நான் கொண்டுவரும் பதிலில் இருந்தது.

சித்தப்பா முனுசாமி என் சிறுவயதிலேயே, இந்தியர்களைத் திருப்பி அனுப்ப அங்கத்திய அரசாங்கம் கொடுத்த இலவசக் கப்பல் சீட்டில் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டவர். அவர் முகம் எனக்கு நினைவில்லை.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் பேருந்து என்னை இறக்கிவிட்டபோது உச்சிவெயில். தெருவெங்கும் கருவாட்டு வாடை. காதர் பாய் என்பவரின் நாஸ்தா கடையில் இட்லிக்குச் சூடான மத்திக் குழம்பை ஊற்றித் தந்தார்கள். இந்த ருசிக்கே குடும்பத்தைக் கூட்டிவந்துவிடலாம் என்று தோன்றியது. கை கழுவிக்கொண்டே சித்தப்பாவைப் பற்றி விசாரித்தேன். காதர் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும்; சுற்று வட்டாரத்தில் கருவாடும் சவுக்குக் கட்டையும் வாங்கி விற்பவர்.

"நெட்டால் முனுசாமியா? நீ அவரு அண்ணன் மவனா?" குரலைத் தாழ்த்தினார். "நல்ல நேரம் பாத்து வந்த தம்பி. அங்க இப்ப ஒரே பேஜாரா கீது. பகல்ல போ, பொழுதோட திரும்பி என் வூட்டுக்கு வந்துடு."

நான் திரும்பவில்லை. சித்தப்பா விடவில்லை.

அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. புதுப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடலுக்கும் கால்வாய்க்கும் இடையில் உள்ள மணல்மேட்டு ஊர் என்பது போதும். கோயிலும் குளமும் ஓட்டு வீடுகளும் ஒரு பக்கம். நடுவே ஒரு சவுக்குத் தோப்பு. அதைத் தாண்டிக் கடல் பக்கம் பனையோலைக் குடிசைகள். தோப்பில் பாதி எரிந்து கருப்புக் குச்சிகளாக நின்றது. வழியில் ஒருவரிடம் சித்தப்பா பெயரைச் சொன்னதும், என்னைப் பார்க்காமலே கையை நீட்டி, "அவன் ஊர்ல இல்ல, சேரில கீறான்" என்றார்.

அப்பா எத்தனையோ தடவை 'நம் ஊர்' என்று சொல்லியிருக்கிறார். ஊரைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேரி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கடல் தாண்டியவுடன் அந்தச் சொல்லை அவர் தண்ணீரில் போட்டுவிட்டார் போலும்.

சித்தப்பா அப்பாவைவிட முதியவராகத் தெரிந்தார். என் கன்னத்தைத் தடவி, "எங்க நைனா மூக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதார். சாப்பிடக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. எங்கள் பக்கத்தில் சூலு இன ஆப்பிரிக்கர்களின் வீடுகளில் மக்காச்சோள மாவில் இதே போலக் களி கிண்டுவார்கள். விரலால் உருட்டும் விதம்கூட இதே மாதிரிதான். அதைச் சொன்னேன். குடிசையின் மூலையில் படுத்திருந்த பெண் தலையைத் தூக்கி, "அவங்களும் நம்மளாட்டம்தானா?" என்று கேட்டாள். சித்தப்பா மகள் அம்சா. அவள் கணவன் மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். அவள் எழுந்து நடக்கும் நிலையில் இல்லை என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

தோப்பும், பக்கத்திலுள்ள நஞ்சை முழுவதும் தணிகாசலம் என்பவருடையவை. சேரியில் எல்லாரும் அவர் வயலில் கூலிகள். அடுப்பெரிக்கச் சவுக்குச் சருகைப் பெண்கள் பொறுக்குவது வழக்கம். இந்த வருடம் பொறுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. அம்சா ஒருநாள் பொறுக்கினாள். தணிகாசலத்தின் தம்பி ராஜவேலு பிடித்து, கையிலிருந்த கழியாலேயே அடித்தான். அவள் வயிற்றில் இருந்த குழந்தை போய்விட்டது. சில நாளில் தோப்பு பற்றி எரிந்தது. தீயை அணைக்க உள்ளே ஓடிய ராஜவேலு உடம்பு வெந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். சேரியைக் கொளுத்தாமல் விடமாட்டோம் என்று ஊரில் வெளிப்படையாகவே பேச்சு. போலீஸ் வந்து ஒருநாள் இருந்து, தணிகாசலம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது.

சித்தப்பா மகன் ஏழுமலை மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். வாட்டசாட்டமான ஆள், அதிகம் பேசமாட்டான். "நீயா?" என்று அவனைக் கேட்டேன்.

"நான் கொளுத்தல அண்ணாத்த," என்றான். "ஆனா கொளுத்தினவன் நல்லா கொளுத்தினான்."

மறுநாள் காதர் பாய் மாமல்லபுரத்துக்குப் புறப்பட்டார். எரிந்த சவுக்கைக் கரியாக்கிப் படகில் மெட்ராசுக்கு அனுப்பும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. தணிகாசலமும் அங்கே இருந்தார். "வா தம்பி, அவரண்ட பேசிப் பாப்போம். நீ வெளியூர்க்காரன், கோட்டு போட்டவன். ஒன் பேச்சுக்கு ஒரு மதிப்பு வரும்" என்று என்னையும் அழைத்தார். கால்வாயில் உப்புப் படகில் போனோம். படகு நடுவழியில் சேற்றில் தட்டி நின்றது. படகுக்காரர் இடுப்பளவு நீரில் இறங்கித் தள்ள, நானும் பாயும் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

"ஒங்க ஊர் கலவரம் எப்படி அடங்குச்சு? போலீஸ் சுட்டதா?" என்று கேட்டார்.

சுட்டது. ஆனால் துப்பாக்கி தெருவைத்தான் காலிசெய்தது. எங்கள் சந்து அடங்கியது வேறு விதத்தில். அதை அவருக்குச் சொன்னேன்.

கலவரத்தன்று எங்கள் கடையைச் சூறையாடிய கூட்டத்தில் பக்கத்து வீட்டு டிலாமினியின் மகனும் இருந்தான். என் தம்பி பெருமாள் இரும்புக் கம்பியால் அடித்ததில் அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. எல்லாம் ஓய்ந்த பிறகும் எங்கள் சந்தில் மட்டும் ஓயவில்லை. அவன் நண்பர்கள் பெருமாளைத் தேடினார்கள். பெருமாளின் நண்பர்கள் கத்தி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிலாமினி எங்கள் வாசலில் வந்து நின்றார். துறைமுகத்தில் கிரேன் பிடிக்கும் மனிதர். சூலு மொழியில் அவர் சொன்னது இது:

"என் வீட்டில் கோபம் இருக்கிறது. உன் வீட்டிலும் இருக்கிறது. கோபம் உள்ள வீட்டுக்கு எங்கள் முன்னோர் வருவதில்லை. அவர்கள் வராத வீட்டுக்குள் நோய் வரும், திருட்டு வரும், கத்தி வரும். வாருங்கள், கழுவிவிடுவோம்."

அது அவர்களுடைய பழைய வழக்கம். முன்னோர்கள் பார்க்கிறார்கள் என்று நம்பி, சாம்பல் கலந்த தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வைப்பார்கள். சண்டை போட்டவர்கள் இரு பக்கமும் நிற்பார்கள். மனதில் உள்ள கோபத்தை ஒவ்வொருவரும் வாய்விட்டு, மிச்சம் வைக்காமல் சொல்ல வேண்டும். அடக்கிவைத்த கோபம்தான் சூனியம் என்பது அவர்கள் எண்ணம். சொன்னபின் அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்து உமிழ்ந்து, எல்லாரும் அதே பாத்திரத்தில் கை கழுவ வேண்டும். அதற்குப் பிறகு பழி தீர்க்கப் போகிறவன் எதிரியை அல்ல, தன் செத்துப்போன தாத்தாவையே அடிக்கிறவன் ஆகிறான்.

அப்பா பழனி முருகனைத் தவிர வேறெதையும் கும்பிடாதவர். வெகுநேரம் தயங்கினார். பிறகு போய் நின்றார். கண் போனவன் பெருமாளைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பெருமாளும் சொன்னான். இருவரும் உமிழ்ந்தார்கள். அந்தப் பாத்திரத்தில் கைகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டன. அன்றிலிருந்து எங்கள் சந்தில் ஒரு கல்கூட விழவில்லை. நகரம் முழுக்க இப்படி ஆயிற்று என்று சொல்லமாட்டேன். எங்கள் ஒரு சந்து, அவ்வளவுதான்.

காதர் பாய் குனிந்து கால்வாய்த் தண்ணீரில் கையை அலம்பினார். "நம்ம பக்கம் கை கழுவுறதுன்னா உட்டுடறதுன்னு அர்த்தம்," என்றார். "அவங்க சேர்றதுக்குக் கழுவுறாங்க. சரிதான். இத்த செஞ்சி பாத்தா இன்னா?"

மாமல்லபுரத்தில் சிற்பம் எதையும் நான் பார்க்கவில்லை. கடற்கரைக் கோயில் தூரத்தில் தெரிந்தது; ஒரு வெள்ளைக்காரர் முக்காலி வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கரி மூட்டைகளுக்கு நடுவே தணிகாசலத்தைக் கண்டோம். ராட்சசனை எதிர்பார்த்துப் போன என் முன்னால், தூக்கம் கெட்ட கண்களோடு ஒரு ஒல்லியான மனிதர் எழுந்து நின்றார். தம்பியைப் பார்க்க அன்றாடம் செங்கல்பட்டுக்குப் போய்வருகிறாராம். காதர் பாய் விஷயத்தைச் சொன்னபோது அவர் குறுக்கே பேசவில்லை.

"எனக்கும் அலுத்துப்போச்சு பாய்," என்றார் கடைசியில். "பசங்க என் பேச்சைக் கேக்கறானுங்க இல்ல. இன்னொரு உசுரு போச்சுன்னா நானும் கோர்ட்டு வாசல்ல நிக்கணும். சாமி பேரால செய்யற காரியம்னா செய்யலாம். அவனுங்க சாமியா இருந்தா இன்னா, நம்ம சாமியா இருந்தா இன்னா."

திரும்பும்போது எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. அப்பாவிடம் சொல்ல ஒரு நல்ல கதை கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன்.

கடற்கரையில், தோப்பு முடியும் இடத்தில் கூடுவதென்று முடிவானது. காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டி ஒரு பக்கம். சேரிக்காரர்கள் மேல்துண்டை இடுப்பில் சுற்றி ஒரு பக்கம். நடுவில் காதர் பாய் தன் கடைப் பித்தளைத் தவலையை வைத்து, தண்ணீரில் அடுப்புச் சாம்பலைக் கரைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

தணிகாசலம் வந்தார், தவலையைப் பார்த்தார், சுற்றிலும் கண்ணை ஓட்டினார். குரலில் கோபமே இல்லை; மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டார்:

"எங்களுக்குத் தவலை எங்க பாய்?"

காதர் பாய் என்னைப் பார்த்தார். அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். என் உற்சாகத்தில் அவரும் மறந்துவிட்டார். நான்தான், "ஒரே பாத்திரம்தான் ஐயா. அதுதான் முறை" என்றேன்.

ஊர்ப் பக்கம் சிரித்தார்கள். உண்மையாகவே நான் வேடிக்கை பேசுவதாக நினைத்தார்கள். சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "ரெண்டு வச்சிக்கினா இன்னாடா? அது அப்படித்தான். நீ சும்மா இரு நைனா."

ஊருக்குள்ளிருந்து இன்னொரு தவலை வந்தது. அதற்குத் தனியாகத் தண்ணீர், தனியாகச் சாம்பல். கரை ஓரமாக, இரண்டு தவலைகளுக்கும் நடுவே ஒரு கட்டுமரம் நீளத்துக்கு மணல் கிடந்தது. எனக்கு அப்போதே கிளம்பிவிடலாம் போல இருந்தது. ஆனால் காரியம் நடந்தது. தணிகாசலம் தன் தம்பியின் வெந்த முதுகைப் பற்றிச் சொன்னார். எங்கள் பக்கம் சித்தப்பா, "என் பொண்ணு வயித்துப் புள்ள போச்சுங்க ஆண்டே" என்று தொடங்கி மேலே சொல்ல முடியாமல் நின்றார். கோபம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே கோபத்தைச் சொல்வது எப்படி?

அப்போதுதான் அம்சா வந்தாள். சுவரைப் பிடித்து அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த பெண், அவ்வளவு மணலையும் தனியாகக் கடந்து வந்திருந்தாள். "வாய் உட்டு சொல்லணும்னு அண்ணா சொல்லிச்சு. நான் சொல்றேன்" என்றாள்.

"பொம்பளைய அனுப்பிட்டீங்களாடா முனுசாமி?" என்று ஊர்ப் பக்கத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தணிகாசலத்தைப் பார்த்துப் பேசினாள். "எனக்குக் கோவம் கீது. ஒந்தம்பி வெந்துட்டாருன்னு கேட்டப்போ சந்தோசமா இருந்திச்சு. அதயும் சொல்லிட்டேன். மிச்சம் இல்ல. எனக்கும் இத்த வச்சிகினு பொழைக்க முடியல. அவரு வர முடியாது. அவருக்குப் பதிலா நீ வந்து இந்தத் தவலைல கைய வை. நானும் வைக்கிறேன். எல்லாம் தீந்துபோச்சுன்னு நெனச்சிக்கிறேன்."

தணிகாசலம் அவளைப் பார்த்தார். எங்கள் தவலையைப் பார்த்தார். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்: அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். வலது கையை மடித்திருந்த துண்டிலிருந்து வெளியே எடுத்தார். அந்த ஒரு கணம் அவர் வருவார் என்றே நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

"அண்ணாத்த! இன்னா செய்யற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் நின்றார். கையைத் திரும்பத் துண்டுக்குள் வைத்தார். பிறகு ஊரைப் பார்த்து நடந்தார், யாரையும் பார்க்கவில்லை. அவர் பின்னால் எல்லாரும் நடந்தார்கள். போகிற போக்கில் ஒருவன் எங்கள் தவலையைக் காலால் உதைத்தான்.

காதர் பாய் மணலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாளே போலீஸ் மறுபடி வந்து, தோப்பைக் கொளுத்தியதாக ஏழுமலையைப் பிடித்துக்கொண்டு போனது. காதர் பாய் வக்கீல் பார்க்கச் செங்கல்பட்டுக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். ஏழுமலைக்கு ஜாமீன் கேட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்திருந்தோம்; காத்திருப்பதற்கு எந்த ஊரிலும் ஒரே வெயில்தான். ஒரு குமாஸ்தா என் தொப்பியைப் பார்த்து உட்கார நாற்காலி போட்டார். எந்த ஊர் யார் வீடு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டபின், நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அந்த நாற்காலியை உள்ளே எடுத்துப் போய்விட்டார். டர்பனில் இப்படி நாற்காலிகள் உண்டு. அவற்றின் மேல் வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். இங்கே எழுதும் வேலையும் மிச்சம்.

நாங்கள் செங்கல்பட்டில் இருந்தபோதுதான் சேரி எரிந்தது. நடுப்பகல், எல்லாரும் நடவு வயலில் இருந்த நேரம். கடற்காற்று பலமாக இருந்ததால் ஒரு குடிசையில் வைத்தது எல்லாக் குடிசைக்கும் போதுமாக இருந்தது. அம்சா அன்று கடலோரத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே படுத்திருக்கிறாள் என்று நினைத்துச் சித்தப்பா வயலிலிருந்து ஓடிவந்து எரியும் குடிசைக்குள் நுழைந்தார்.

அவரை மாட்டுவண்டியில் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் வெந்துபோனவர்களுக்கு ஒரே நீண்ட அறை. அதன் மறுகோடியில் ராஜவேலு கிடந்தான். குப்புறப் படுத்திருந்த அவன் தலையைத் திருப்பி, "யாரு அது?" என்று நர்சைக் கேட்டது காதில் விழுந்தது. நர்சு பெயரைச் சொன்னார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவன் முதுகு இருந்த இருப்பு அப்படி.

சித்தப்பாவுக்கு நினைவு தெளிந்திருந்தது. "அம்சா உள்ள இல்லியாமே" என்று என்னிடம் கேட்டு, இல்லை என்று நான் தலையாட்டியதும் நிம்மதியாகக் கண்ணை மூடினார். பிறகு, "அண்ணன வர வேணாம்னு சொல்லாதடா" என்றார். "அண்ணன் வந்தா நல்லாருக்கும்." விடியும்போது உயிர் போய்விட்டது.

ஏழுமலையைக் கொள்ளிக்கு விடவில்லை. மகன் செய்ய வேண்டியதை நான் செய்தேன். கடற்கரை மணலில், சேரிக்கென்று இருக்கும் இடத்தில். காதர் பாய் பாடைக்கு முன்னால் நடந்தார். ஊரிலிருந்து யாரும் வரவில்லை. தணிகாசலம் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். அதைத் திருப்பி அனுப்பும்படி நான் சொன்னேன். சேரிப் பெண்கள் என்னைக் கோபமாகப் பார்த்துவிட்டு அதை உள்ளே தூக்கிப் போனார்கள். நான் கிளம்பிப் போய்விடுவேன். அவர்கள் நாளைக்கும் சாப்பிட வேண்டும்.

யோசித்துப் பார்க்கிறேன். டிலாமினி வீட்டுப் பாத்திரத்தில் மந்திரம் எதுவும் இருக்கவில்லை. எங்கள் சந்தைக் காப்பாற்றியது தண்ணீரோ சாம்பலோ அல்ல. செத்துப்போன முன்னோர்கள் இரண்டு வீட்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள் என்று அவர் நம்பினார். எங்கள் கடையைக் கொளுத்திய மகனைவிட அந்த நம்பிக்கையைப் பெரிதாக மதித்தார். எங்களை மனிதர்களாக நினைத்துத்தான் அவர் மகன் எங்கள் மேல் கோபப்பட்டான். அதனால் அந்தக் கோபத்தைக் கழுவ முடிந்தது. இங்கே தணிகாசலத்துக்குக் கோபம்கூட இல்லை. இல்லாததை எந்தத் தண்ணீரில் கழுவுவது?

நான் டர்பனுக்குத் திரும்புவதற்கு முன் போலீஸ் அதிகாரி ஒருவரைப் பார்த்து ஏழுமலைக்காகக் கெஞ்சினேன். நல்ல மாதிரியாகவே பேசினார். "கேஸ் நிக்காது, விட்டுடுவாங்க" என்றார். "இனிமே கவலைப்படாதீங்க. இப்ப ஊர் அமைதியா இருக்கு."

அவர் சொன்னது பொய்யில்லை. விடைபெறப் போன அன்று பார்த்தேன், ஊர் அமைதியாகத்தான் இருந்தது. எரிந்த இடத்தில் புதுப் பனையோலை வேய்ந்துகொண்டிருந்தார்கள். ஓலை தணிகாசலத்தின் பனைகளிலிருந்து, கூலியில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. பெண்கள் எல்லாரும் அவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் அம்சா. முழுதாகத் தேறியிருக்கவில்லை; ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நட்டாள்.

வரப்பில் நின்று கூப்பிட்டேன். சேறு சொட்டச் சொட்ட வந்தாள்.

"என்ன ஒங்க ஊருக்குக் கூட்டிக்கினு போ முடியாதா அண்ணா?"

"சட்டம் விடாது அம்சா. புதுசா யாரையும் உள்ள உடமாட்டாங்க."

"பெரியப்பா இங்க வருவாரா?"

"வர வேணாம்னுதான் சொல்லப் போறேன்."

அவள் தலையாட்டினாள். சித்தப்பா கடைசியாகக் கேட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை. வயலின் மறுகோடியில் தணிகாசலம் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்க்காத மாதிரி கடல் பக்கம் திரும்பியிருந்தார்.

"அவரு வயல்லயே..." என்று ஆரம்பித்தேன். "ஒனக்குக் கோவம்..."

"கோவமா?" அம்சா முகத்தில் வழிந்த வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "அத்த வரப்பு மேல வச்சிட்டுதாண்ணா வயல்ல எறங்குறோம். கைல வச்சிகினு நாத்து புடிக்க முடியுமா? சாயங்காலம் ஏறும்போது எடுத்துக்குவோம்."

வரிசை அவளை விட்டு முன்னால் போயிருந்தது. யாரோ கூப்பிட்டார்கள். அவள் ஒரு கட்டு நாற்றை இடுக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து நட ஆரம்பித்தாள்.